நூற்று நான்காம் கடிதம் உனக்கு வராத காரணம்

கடித எண் 203
திருவண்ணாமலை
17.2.1985, ஞாயிற்றுக்கிழமை (ரக்தாட்சி ஆண்டு, மாசி 5)
காலை 6 மணி 20 நிமிடம்

பொருள்: உனது 21.1.1985 நாளிட்ட கடிதம், 15.3.1985-க்குள் நீ எழுதிக் கொடுக்க வேண்டிய விருப்பம். என் தரப்பில் நேர்ந்த ஒரு தவறு.

சேகரா,

வீட்டில் பெரியவர்கள் மூவருக்கும் குழந்தை உமாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. தடித்த பதிவு உறையைக் கண்டு நீ பதறக் கூடாது என்பதற்காக இதை முதல் வரியில் வைக்கிறேன். உறை தடித்திருப்பதற்குக் காரணம் இணைப்புகள். அவற்றை இக்கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை பிரிக்காதே. வரிசை மாறினால் பொருள் மாறும்.

உன் கடிதம் 9.2.1985 சனிக்கிழமை பிற்பகல் வந்து சேர்ந்தது. பத்தொன்பது நாள் பயணம். உன் அம்மாவுக்கு ஒரு முறை வாய்விட்டுப் படித்தேன். எனக்காக இரண்டு முறை படித்தேன். வரும் ஜூன் பன்னிரண்டோடு பதினெட்டு ஆண்டு முடிகிறது என்றும், நாயப் சுபேதார் பதவி உயர்வை ஏற்று மேலும் சில ஆண்டுகள் இருப்பதா, ஓய்வூதியம் பெற்று ஊர் திரும்புவதா என்று மார்ச் பதினைந்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். இதற்கு முன்பும் இப்படிப்பட்ட தேதிகள் உனக்கு வந்ததுண்டு. ஆனால் இம்முறை நீ எழுதியிருக்கும் தொனி புதிது. “இத்தனை வருஷத்தில் நான் என்ன செய்தேன் அப்பா? கம்பி இழுத்தேன், கம்பி காத்தேன். பனியில் நிற்கும்போது இதைத்தான் யோசிக்கிறேன்” என்று எழுதியிருக்கிறாய். அதற்கடுத்த வரி என்னை ஒரு வாரமாக உட்கார விடவில்லை: “போன தடவை உங்கள் பதில் தபாலில் தொலைந்துபோனது. பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதன்படி.”

அந்தக் கடிதம் தபாலில் தொலையவில்லை. நான் அதைத் தபாலில் போடவே இல்லை. எட்டு ஆண்டுகள், இரண்டு மாதங்கள், பத்து நாட்களாக அது என்னிடம்தான் இருக்கிறது.

நீ 12.6.1967 திங்கட்கிழமை இராணுவத்தில் சேர்ந்த நாளிலிருந்து உனக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் எண் இட்டு வருகிறேன். உன் முகவரியில் ஊர் பெயர் இருப்பதில்லை, எண் மட்டுமே இருக்கிறது. அந்த எண் இருக்கும் இடமும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு கடிதம் வழி தவறினால் இருவருக்கும் தெரிய வேண்டும் என்பதே என் ஏற்பாடு. நீயும் தவறாமல் “இன்ன எண் வரை கிடைத்தது” என்று எழுதி வந்திருக்கிறாய். அந்த ஒழுங்கை நம்பித்தான் 1977 ஜனவரியில் “103 கிடைத்தது, 105 கிடைத்தது, 104 எங்கே?” என்று கேட்டாய். தபாலில் தொலைந்திருக்கும் என்று எழுதினேன். அதில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டாய். விசேஷமாக ஒன்றுமில்லை, உன் இஷ்டம் என்றுதான் எழுதியிருந்தேன் என்றேன். இரண்டும் பொய். இப்போது நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

1976 நவம்பரில் நீ எழுதினாய்: பத்தாண்டு ஒப்பந்தம் முடியப் போகிறது, நீட்டிப்பதாக இருந்தால் டிசம்பர் முடிவதற்குள் கையெழுத்திட வேண்டும், ஊரில் மின்வாரியத்தில் கம்பி வேலை தெரிந்த ஆளுக்கு இடம் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன், நீங்கள் வா என்றால் வருகிறேன் என்று. வசந்தா அப்போது இங்கே நம் வீட்டில் மூன்று மாதக் கர்ப்பம். உன் அம்மா கடிதத்தைக் கேட்டு முடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டாள். “வரச் சொல்லுங்க. பையன் போனது போதும்” என்றாள். எனக்கும் அதில் மறுப்பு இருக்கவில்லை. மின்வாரியத்தில் விசாரித்தேன், இடம் இருந்தது உண்மை. டிசம்பர் ஆறாம் தேதி மாலை நீல நிற உள்நாட்டுக் கடிதத்தில் எழுதி, எண் 104 இட்டு, ஒட்டி வைத்தேன். ஏழாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். தீபத்துக்கு வந்த கூட்டம் இன்னும் முழுதாகக் கலையாத வாரம் அது. தேரடியில் தபால் பெட்டி அருகே போக முடியாதபடி வெளியூர்ப் பேருந்துகள் நின்றிருந்தன. சரி, திரும்பும் வழியில் போடலாம் என்று தாலுகா அலுவலகம் போனேன். அன்று கொடி நாள். படையில் இருப்பவர்களின் பெற்றோர் வர வேண்டும் என்று தாசில்தார் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த அலுவலகம் எனக்கு என்ன என்று உனக்குத் தெரியும். அதன் பதிவறையில் முப்பத்தொரு ஆண்டுகள் எழுத்தராக இருந்து 30.6.1971-இல் ஓய்வு பெற்றவன் நான். பதிவறையில் எனக்கு முக்காலி உண்டு. தாசில்தாரின் அறையில் நாற்காலிகளும் உண்டு, ஆனால் அவை எனக்கானவை அல்ல. முப்பத்தொரு ஆண்டுகளில் பதினேழு தாசில்தார்களைப் பார்த்திருக்கிறேன், பதினேழு பேரையும் நின்றுகொண்டே பார்த்திருக்கிறேன். அன்று நான் உள்ளே நுழைந்ததும் அவர் மேசையைச் சுற்றி வந்து, தன் கையாலேயே ஒரு நாற்காலியை இழுத்து, “உட்காருங்க ஐயா. உங்க பையன் அங்க நிக்கறாரு, நீங்க இங்க நிக்கக் கூடாது” என்றார். உட்கார்ந்தேன். என்னோடு வேலை பார்த்த டவாலிச் சேவகன் ராமு காபி கொண்டு வந்து வைத்தான். அவன் கண்ணில் கிண்டலும் இருந்தது, கலக்கமும் இருந்தது. “இன்னா சார், நாற்காலி சூடா கீதா?” என்று காதருகே கேட்டுவிட்டுப் போனான். சட்டைப் பையில் நூற்று நான்கு இருந்தது.

திரும்பும்போது தேரடியில் பேருந்துகள் போய்விட்டிருந்தன. பெட்டி முன்னால் நின்றேன். கடிதத்தை எடுத்தேன். இதைப் போட்டால் ஜூன் மாதத்தில் என் மகன் ஊர் வந்துவிடுவான், அடுத்த ஆண்டு கொடி நாளுக்கு என்னை யாரும் அழைக்க மாட்டார்கள் என்று எண்ணினேன். இந்த வாரம் இதை வேறு சொற்களில் எழுதிப் பார்த்தேன். தேச நலன் என்றும் உன் எதிர்காலம் என்றும் எழுதிப் பார்த்தேன். அந்தத் தாள்களைக் கிழித்துவிட்டேன். அன்று என் மனதில் இருந்தது நாற்காலிதான். கடிதத்தைப் பையிலேயே திரும்ப வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா “போட்டுட்டீங்களா?” என்று கேட்டாள். “போட்டுட்டேன்” என்றேன். மறுநாள் போட்டுவிடலாம் என்று நினைத்தேனா என்று கேட்டால், ஒவ்வொரு நாளும் நினைத்தேன். டிசம்பர் முடிந்தது. நீ நீட்டிப்பில் கையெழுத்திட்டாய்.

அதோடு நின்றிருந்தால் அது ஒரு தவறு. அதைக் காப்பாற்ற இன்னொன்று செய்தேன். நீ கடிதத்தைக் கேட்டு எழுதியதும் உன் அம்மா அஞ்சல் துறையைச் சும்மா விடக்கூடாது என்றாள். புகார் கொடுக்காவிட்டால் சந்தேகம் வரும் என்று பயந்து 28.1.1977-இல் முறைப்படி எழுதிக் கொடுத்தேன். தேதி, பெட்டி இருக்கும் இடம், கடித எண் எல்லாம் குறிப்பிட்ட புகார். என் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அதைப் படித்தவர்கள் நம்பினார்கள். அந்தப் பெட்டியைத் திறந்து எடுக்கும் பொறுப்பும் நம் தெருவுக்கு விநியோகப் பொறுப்பும் ஒருவரிடமே இருந்தன, தபால்காரர் முனுசாமியிடம். மேலிடம் அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டது. அதற்குப் பிறகு அவர் நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் அம்மா ஒரு வார்த்தை எறியாமல் கடிதம் வாங்கியதில்லை. அவரும் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

உனக்கு என்ன நேர்ந்தது என்று நான் பட்டியல் இட வேண்டியதில்லை. மின்வாரிய இடம் வேறொருவருக்குப் போனது. உமா பிறந்தபோது நீ இல்லை. முதன்முதலாக நீ அவளைத் தூக்கியபோது அவளுக்குப் பதினான்கு மாதம், உன் மீசையைப் பார்த்து அழுதாள். வசந்தா அந்த ஆண்டுகளை எங்களோடு கழித்தாள், உன்னோடு அல்ல. இவற்றில் எதையும் என்னால் திருப்பித் தர முடியாது.

இனி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். என்ன செய்தேன் என்று கேட்டாய். உன்னைவிட எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் எனக்கு ஒருவர் சொன்னார்.

20.5.1984 ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு உன் படைப்பிரிவைச் சேர்ந்த நாயக் ஏழுமலை வீட்டுக்கு வந்தார். கீழ்பென்னாத்தூர்க்காரர், விடுப்பில் வந்தவர். ஒரு கையில் வேர்க்கடலை மூட்டை, இன்னொரு கையில் இரண்டு விரல் இல்லை. நீ கொடுத்தனுப்பிய கம்பளியைத் தந்துவிட்டு உடனே எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்து, உன் அம்மாவையும் வசந்தாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் பேசினார். நீ முக்கியக் காவல் நிலையில் தொலைபேசிப் பொறுப்பில் இருந்தாய் என்றும், மேலே மலை முதுகில் இருந்த சிறு கூடாரத்தில் அவரும் மூன்று பேரும் இருந்தார்கள் என்றும், நீ தினமும் காலை ஆறு பத்துக்கும் மாலை ஆறு பத்துக்கும் அவர்களைக் கூப்பிட்டுக் கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாய் என்றும் சொன்னார். விதிப்படி நாளுக்கு ஒரு முறை போதுமாம். “சேகர் அண்ணனுக்குக் கடிகார சாமின்னே பேருங்க. ஆறு ஒன்பதுக்கு நாங்களே போன் கிட்ட போய் உக்காந்துக்குவோம், இல்லாங்காட்டி திட்டுவாரு” என்றார்.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு நாள் காலை ஆறு பத்துக்கு நீ கூப்பிட்டபோது பதில் இல்லை. பனியில் கம்பி அறுவது அங்கே அடிக்கடி நடப்பதுதானாம். பனிப்புயல் நிற்கட்டும், பிறகு ஆள் அனுப்பலாம் என்று மற்றவர்கள் சொன்னார்களாம். கம்பி அறுந்திருந்தால் தொலைபேசிக் கைப்பிடியைச் சுற்றும்போது கை லேசாகச் சுழலும், இப்போது கனமாக இருக்கிறது, ஆகவே கம்பி முழுதாக இருக்கிறது, மணி அங்கே அடிக்கிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை என்று நீ சொன்னாயாம். ஆறு பேரை அழைத்துக்கொண்டு ஆறரைக்குக் கிளம்பியிருக்கிறாய். கூடாரத்தின் மேல் பனி சரிந்து மூடியிருந்தது. கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டே போய், அது பனிக்குள் இறங்கும் இடத்தில் தோண்டியிருக்கிறீர்கள். மூன்று பேர் உயிரோடு வந்தார்கள். நான்காவது பையன் வரவில்லை. “ஒரு மணி நேரம் லேட்டாயிருந்தா நாலு பேரும் அவ்ளோதாங்க. உங்க பையன் இல்லன்னா நான் இங்க உக்காந்து காபி குடிக்க மாட்டேன்” என்றார் ஏழுமலை. அப்புறம் காபியைக் குடித்தார். உன் அம்மா உள்ளே போய்விட்டாள்.

நீ இதைப் பற்றி எனக்கு ஒரு வரி எழுதவில்லை. அந்த மாதம் நீ எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். “இங்கே குளிர் ஜாஸ்தி, மற்றபடி வேலை எப்போதும் போல” என்று இருந்தது. ஏழுமலையிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. “அண்ணன் அந்த ஒரு பையனையே நினைச்சிட்டு இருக்காருங்க. நாங்க மூணு பேர் எதிர்ல நின்னாலும் கணக்குல வர மாட்டோம்” என்றார். பனியில் நிற்கும்போது என்ன செய்தேன் என்று ஏன் யோசிக்கிறாய் என்பது எனக்கு அதனால் விளங்குகிறது. அந்தப் பையனுக்கு நான் ஆறுதல் எழுத முடியாது. அவனுக்கும் ஒரு தகப்பன் இருப்பான், அந்தத் தகப்பனின் முகவரி தெரிந்தால் அனுப்பு, எழுத வேண்டியது என் கடமை. உனக்கு மட்டும் சொல்கிறேன். கம்பி காத்தேன் என்று சிறிதாக எழுதுகிறாய். நாளுக்கு ஒரு முறை போதும் என்ற இடத்தில் யாரும் கேட்காமல் இரண்டு முறை பார்த்தவன் நீ. பதவி உயர்வு உத்தரவில் அது இருக்காது. மூன்று வீடுகளில் இருக்கிறது. தாசில்தார் இழுத்துப் போட்ட நாற்காலியில் ஆண்டுதோறும் உட்கார்ந்தபோது எனக்கு வந்த பெருமை ஒன்று. ஏழுமலை பேசியபோது வந்தது வேறு. இரண்டும் ஒரே சொல்லால் அழைக்கப்படுவதே எனக்குப் பிடிக்கவில்லை. சென்ற டிசம்பரில் கொடி நாளுக்கு நான் போகவில்லை. இருமல் என்று சொல்லி அனுப்பினேன். இருமல் இல்லை, இதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள், பத்தாம் தேதி ஞாயிறு, உன் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை களைந்தாள். “இத்தனை வருஷமா அந்த முனுசாமியைத் திட்டினு இருந்தேன் நான்” என்றாள். பிறகு, “ஒரு நாளாவது, திட்டாதேன்னு சொன்னீங்களா?” என்று கேட்டாள். இல்லை. மறுநாள் காலை அவளே செருப்பை மாட்டிக்கொண்டு, “வாங்க, அவர் வீட்டுக்குப் போகலாம்” என்றாள்.

முனுசாமி ஓய்வு பெற்று இரண்டு ஆண்டு ஆகிறது. செங்கம் சாலையில் ரமணாசிரமம் தாண்டி மகளோடு இருக்கிறார். வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறார்கள். என்னைக் கண்டதும் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். நான் நின்றபடியே சொன்னேன். கேட்டுவிட்டு, “எனக்கு அப்பவே தெரியும் சார்” என்றார். “உங்க கடுதாசி மூலையில நம்பர் இருக்கும். பெட்டியைத் தொறந்தா எனக்குத் தனியா தெரியும். நூத்தி மூணு எடுத்தேன், நூத்தி அஞ்சு எடுத்தேன். நடுவுல ஒண்ணும் வரலை.” அப்படியானால் விளக்கத்தில் ஏன் அதை எழுதவில்லை என்று கேட்டேன். “மிலிட்டரிக்குப் பிள்ளையை அனுப்பிட்டு இருக்கற வீடு. எழுதிட்டுப் போட முடியாம போயிருப்பீங்க, அதுல நான் இன்னா பூந்து பேசறதுன்னு வுட்டுட்டேன்” என்றார். என்னைப் பற்றி அவர் நினைத்தது, நான் உண்மையில் இருந்ததைவிட நல்லது. அதை மாற்றிச் சொன்னேன். நாற்காலியைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உன் அம்மா அவர் மகளிடம் மன்னிப்புக் கேட்டாள். புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தைப் பன்னிரண்டாம் தேதி அஞ்சலகத்தில் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டேன். இத்தனை ஆண்டு கழித்து அதற்கு எந்தக் கோப்பும் இருக்காது என்று அங்கே சொன்னார்கள். இருந்தாலும் பெற்றுக்கொள்ளுங்கள் என்றேன்.

எஞ்சியிருந்தது ஒன்று. 1976-இல் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதினேன், உன் அம்மா பதில் சொன்னாள். வசந்தாவை யாரும் கேட்கவில்லை. பதின்மூன்றாம் தேதி மாலை அவள் உமாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கேட்டேன்: சேகர் வருவதா, இருப்பதா, உனக்கு என்ன விருப்பம் என்று. பின்னலை விடாமல் சொன்னாள்: “கல்யாணம் ஆகி பதினோரு வருஷம் ஆகுது மாமா. இப்பதாங்க முதல் தரம் கேக்கறீங்க.” கேட்டது தாமதம் என்றேன். “உங்ககிட்ட சொல்ல மாட்டேன். தப்பா நினைக்காதீங்க. அவருக்கே எழுதறேன்” என்றாள். தப்பாக நினைக்கவில்லை. நூற்று நான்கின் விஷயத்தையும் அவளிடம் சொன்னேன். பின்னலை முடித்து நாடா கட்டிவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் ஏற்றுக்கொண்டேன். அதன் பிறகும் எனக்கு மாலைக் காபி வந்தது, ஆனால் இரண்டு நாள் உமாதான் கொண்டு வந்தாள்.

ஆகவே, நான் என்ன சொல்கிறேனோ அதன்படி என்று நீ எழுதிய வரியை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். எனக்கு ஒரு விருப்பம் இருக்கிறது. அறுபத்தொன்பது வயதில் யாருக்கும் இருக்கக்கூடிய விருப்பம்தான். அதை எழுத மாட்டேன். ஒரு முறை உன் முடிவை உனக்குத் தெரியாமல் எடுத்தவன் நான். அதற்கு நீ கோபப்பட்டால் அது நியாயம். கோபத்தைக் கடிதத்தில் எழுது, மௌனமாக வைத்துக்கொள்ளாதே, மௌனம் எத்தனை பொல்லாதது என்று நான் கண்டிருக்கிறேன். ஆனால் கோபத்தால் வந்துவிடாதே, எனக்குக் கீழ்ப்படிந்து இருந்தும் விடாதே. நான் திருடியது ஒரு முடிவை. அதற்குப் பிறகு வந்த எட்டு ஆண்டுகளும், காலை ஆறு பத்தும் மாலை ஆறு பத்தும், நீயே உண்டாக்கியவை. அவற்றில் எனக்குப் பங்கு இல்லை, அதனால்தான் அவற்றைப் பற்றி இவ்வளவு கூச்சமில்லாமல் பெருமைப்பட முடிகிறது.

எந்தப் பக்கம் கையெழுத்திட்டாலும் தேதியைத் தெளிவாக எழுது, நகல் எடுத்துக்கொள், கால் விரல்களை உலர்வாக வைத்துக்கொள். நாளை திங்கள் காலை பத்து மணிக்கு, கவுண்டர் திறந்ததும் இதைப் பதிவுத் தபாலில் சேர்ப்பேன். உன் அம்மா கூட வருகிறாள். என் கையிலிருந்து கடிதம் போவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறாள். அதில் நியாயம் இருக்கிறது.

உன் தந்தை

இணைப்புகள்:

1. கடித எண் 104, நாள் 6.12.1976. ஒட்டியது ஒட்டியபடி. அதில் எழுதியிருப்பது “வா” என்பதே. இப்போது அதை உத்தரவாகக் கொள்ளாதே.

2. 28.1.1977 புகாரின் நகல் ஒன்று, 12.2.1985-இல் அதைத் திரும்பப் பெற்றதற்கான ஒப்புகையின் நகல் ஒன்று.

3. கோயில் விபூதி, பொட்டலம் ஒன்று. உன் அம்மா வைத்தது.

4. உமா வரைந்த மலைப் படம். பச்சை போதாமல் பாதி மலை நீலமாக இருக்கிறது.

5. வசந்தாவின் உறை ஒன்று. அவளே ஒட்டி, நேற்று மாலை என்னிடம் தந்தாள். எத்தனை பக்கம் என்று எனக்குத் தெரியாது. முதலில் இதைப் பிரி.